கேஜில் தேறிய ஜோடி

முப்பத்தோரு வருஷம் ஆவடியில் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக வேலை பார்த்தேன். இதைச் சொல்லாமல் எங்கள் வீட்டுக் கிளிகளைப் பற்றி ஆரம்பிக்க முடியாது. எதிரே வரும் உருப்படியை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் முத்திரை. இல்லையென்றால் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. இரண்டே முடிவுதான். "கிட்டத்தட்ட சரி சார்" என்று யாராவது இழுத்தால் எனக்குச் சுள்ளென்று ஏறும். "கிட்டத்தட்டன்னா என்னய்யா? உள்ள போகுதா, போகலையா?" என்று கத்துவேன். கேன்டீனில் என் முதுகுக்குப் பின்னால் இதையே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். சிரிக்கட்டுமே, எனக்கென்ன.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்த சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். மகன் வெளியூரில் இருக்கிறான். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். அவள் அம்பத்தூர்க்காரி. அங்கே வயல் இருந்த காலத்திலிருந்து இருக்கும் குடும்பம். நான் சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். இத்தனை வருஷம் ஆகியும் அவள் 'கீது' என்பாள், நான் 'இருக்குது' என்பேன். இதில் இரண்டு பேருமே இம்மியும் விட்டுக்கொடுத்ததில்லை.

பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்துக்குக் காட்டுக் கிளிகள் வரும். வேலை இல்லாத மனுஷன் வேறென்ன செய்வான், மொட்டை மாடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவற்றைப் பார்ப்பேன். பச்சைக் கிளியில் சந்தேகத்துக்கே இடமில்லை. கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் சிவப்புமாக வளையம் இருந்தால் ஆண். வளையம் இல்லாவிட்டால் பெண், அல்லது இன்னும் வயசுக்கு வராத ஆண். வளையம் முழுசாக வர இரண்டு மூன்று வருஷம் ஆகுமாம். இயற்கையே அளந்து பார்த்து முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது என்று எனக்கு அதில் ஒரு திருப்தி. உலகத்தில் எல்லாக் கிளிக்கும் இப்படி ஏதாவது ஓர் அடையாளம் இருந்தே தீரும் என்று அப்போதே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

"ஊடு ஓன்னு கீதுங்க" என்றாள் மனைவி ஒரு நாள். "எதுனா ஒரு சத்தம் வோணும். பறவை வாங்கலாமா?"

பூந்தமல்லிக்குப் போனோம். மெட்ரோ வேலைக்குப் போட்டிருந்த தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி ஒருவழியாகக் கடையைக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "பச்சைக் கிளி கேக்காதீங்க சார், அத்த ஊட்ல வெச்சா கேஸ் ஆயிடும். இத்த பாருங்க." அவர் காட்டியது ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்ற வகை. பெயர் எப்படி இருந்தாலும் அதுவும் கிளிதான். குண்டு உடம்பு, குட்டை வால், பச்சை இறகு, முகம் மட்டும் செக்கச் செவேலென்று இருக்கும். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு உட்கார்ந்திருந்தன.

"ஜோடி சார். கன்ஃபார்ம்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"தோ, பெருசு பொட்டை, சின்னது ஆம்பளை. பார்த்தாலே தெரியுதே."

"எதைப் பார்த்தா தெரியுது?"

"இன்னா சார், போலீஸ்காரன் மாறி கேக்குறே?" என்று அவர் சிரித்துவிட்டார். "எப்பிடி ஒட்டிக்கினு கீது பாரு. ரெண்டும் பொட்டைன்னு வெச்சுக்கோ, ஒரே கூண்டுல உட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சே கொன்னுடும். அப்பிடி ஒரு சரக்கை உனக்குக் குடுப்பனா நானு?"

கடைசியாகச் சொன்னது மட்டும் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆணும் பெண்ணுமாக இருந்தால் ஒரே கூண்டு, நிம்மதி. இரண்டும் பெண்ணாக இருந்தால் ஒன்றின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. சப்ளையர் வாயால் சொன்னதை நம்பி நான் என்றைக்காவது சரக்கை உள்ளே விட்டிருக்கிறேனா? வீட்டுக்குப் போனதும் அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆட்டோவில் அட்டைப் பெட்டி மனைவியின் மடியில் இருந்தது. காற்றுக்காகப் போட்டிருந்த ஓட்டை வழியாகச் சின்னது மூக்கை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, பருத்திப்பட்டு வரும்வரை விடவே இல்லை. "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று வழியெல்லாம் அவளுக்கு ஒரே பூரிப்பு. பெருசு, சின்னது என்பதே கடைசிவரை பெயராக நின்றுவிட்டது.

அடுத்த ஒரு வாரம் வீடு ஆராய்ச்சிக்கூடமாக இருந்தது. எதிர் வீட்டு அம்மாள் வந்து மோதிரத்தை நூலில் கட்டிக் கூண்டுக்கு மேலே பிடித்தாள். வட்டமாகச் சுற்றினால் பெண்ணாம், நேர்கோட்டில் ஆடினால் ஆணாம். பெருசுக்குச் சுற்றியது. சின்னதுக்கு முதலில் ஆடி, பிறகு சுற்றி, மறுபடியும் ஆடியது. "இன்னாம்மா, ரெண்டுங்கெட்டானா போவுது?" என்றாள் மனைவி. "ஃபேன் ஓடுது இல்ல, அதான்" என்று மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் போய்விட்டாள். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் போனிலேயே தீர்ப்புச் சொன்னார். பெண் கிளி காலை அகட்டி உட்காருமாம், ஆண் ஒடுக்கி உட்காருமாம். ஒரு மணி நேரம் கூண்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு கால்களையே பார்த்தேன். தானியம் தின்னும்போது இரண்டுமே அகட்டின, தூங்கும்போது இரண்டுமே ஒடுக்கின. இன்னொருவர் தலை சப்பையாக இருந்தால் ஆண் என்றார். எதோடு ஒப்பிட்டால் சப்பை? அளவு சொல்லுங்கய்யா என்றால் ஆளைக் காணோம்.

பிறகுதான் இன்டர்நெட்டில் தேடியதில் இடுப்பெலும்பு விஷயம் தெரிய வந்தது. கிளியை மெல்ல மல்லாக்கப் பிடித்து, வாலுக்குக் கொஞ்சம் மேலே தடவினால் இரண்டு எலும்பு முனைகள் விரலுக்குத் தட்டுப்படும். ஆணுக்கு அவை நெருக்கமாக, கூராக இருக்கும். பெண்ணுக்கு முட்டை வெளியே வர வேண்டுமே, அதனால் விலகி இருக்கும். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இடைவெளி என்றால் அளவு. அளவு என்றால் என் பேட்டை.

தொழிற்சாலையில் இடைவெளி பார்க்க 'கோ, நோ-கோ' என்று ஒரு கேஜ், அதாவது அளவு பார்க்கும் கட்டை, வைத்திருப்போம். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. யோசிக்க வேண்டிய வேலையே அதில் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் போய், கிளிக்கு வலிக்காதபடி வழவழவென்று அக்ரிலிக்கில் ஒன்று அறுத்து வாங்கி வந்தேன். எதற்கு என்று அவர் கேட்டார். சொன்னேன். "சார், நீங்க வேற எங்கனா வேலைக்குப் போலாம் சார்" என்றார்.

வீட்டில் மனைவி கிளிகளைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் அளந்தேன். பெருசுக்கு முனை தாராளமாக அடங்கியது: பெண். சின்னதுக்கு அடங்கவே இல்லை: ஆண். ஆக, கடைக்காரர் சொன்னது சரி. கூண்டின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, 'ஆண் 1, பெண் 1, ஜோடி, தேறியது' என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். என்ன ஒரு நிம்மதி எனக்கு! அன்றைக்கு மத்தியானம் இரண்டு கை சோறு கூடவே சாப்பிட்டேன்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. கூண்டும் கையுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாதாரண லவ் பேர்ட்ஸுக்கு நான் கேஜை எடுப்பதே இல்லை. மூக்கின் மேல் இருக்கும் சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று நின்ற இடத்திலேயே சொல்லி அனுப்பிவிடுவேன். ஒருவர் முழு மஞ்சள் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மூக்கு ரோஸ் நிறத்தில் இருந்தது. அந்த ரகத்தில் ஆணுக்கு வளர்ந்த பிறகும் நீலம் வராது என்று தெரியாமல், "பெண்" என்று அடித்துச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து வந்து, அது பெண்ணே இல்லை என்றார். "வெளிச்சம் சரியில்லாம பார்த்திருப்பேன்" என்று சமாளித்தேன். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மனைவிக்குக் கேஜ் எல்லாம் ஒரு பொருட்டில்லை. அவளுக்குப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். காலையில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைக் கூண்டுக்குள் போடுவாள். பெருசு அதைக் கத்தரிக்கோலில் நறுக்கிய மாதிரி நீள நீளமாக நறுக்கி, ஒவ்வொரு கீற்றாகத் தன் முதுகின் அடியில், வாலுக்கு மேலே இருக்கும் இறகுக்குள் செருகிக்கொள்ளும். கூடு கட்ட எடுத்துப் போகும் தந்திரமாம் அது. ஒரு நாள் என்னை அவசரமாகக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இங்க வாங்களேன். சின்னதும் சொருவுது பாருங்க. பொடவை கொசுவம் சொருவுற மாறி எவ்ளோ நேக்கா சொருவுது! இது ஆம்பளையே இல்லீங்க. பொண்ணு."

பார்த்தேன். நேர்த்தியாகத்தான் செருகியது, ஒரு கீற்றுகூடக் கீழே விழவில்லை. ஆனால் நான்தான் படித்தவனாயிற்றே. "ஆணும் சில சமயம் செருகிப் பாக்குமாம். போட்டிருக்கான்" என்றேன்.

"சொருவிப் பாக்கும், சரி. கீழ உயாம நிக்குமா?"

"கேஜ் பொய் சொல்லாதும்மா."

அவள் ஸ்டிக்கரை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பாள். எதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சண்டை எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் தட்டில் தானியம் போட்டால் பெருசு தின்று முடிக்கும்வரை சின்னது கம்பியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு மத்தியான வேளைகளில், நான் சாப்பிட்டுவிட்டுச் செய்தி பார்க்கும் நேரத்தில், பெருசு அதைக் கூண்டு முழுக்கத் துரத்தும். சின்னது கத்தும். சாதாரணமாகக் கத்துவது மாதிரி இல்லை அது. மெல்லிசாக, விட்டு விட்டு, காதுக்குள் ஊசி இறங்குகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அதன் கால் விரலில் ரத்தப் பொட்டு இருந்தது. மனைவி மஞ்சள் குழைத்து வைத்தாள்.

"ரெண்டும் பொண்ணுதாங்க. இத்த தனியா போட்டுடலாம்."

"புருஷன் பொண்டாட்டின்னா நாலு அடி இருக்கத்தான் செய்யும். இதுல நாம போய்த் தலையிடக் கூடாது" என்றேன். இதை நான் சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

மறுநாள் அவள் பரணிலிருந்து ஒரு பழைய கூண்டை இறக்கிக் கழுவி வெயிலில் வைத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம். தேறிய உருப்படியைத் திரும்பப் பரிசோதனைக்கு அனுப்பினால் எனக்குப் பிடிக்காது. அது தொழிற்சாலையிலும் அப்படித்தான். "ஜோடியைப் பிரிக்கிறது பாவம். இது என்ன புதுசா ஒரு வழக்கம்?" என்று கத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிக் கூண்டை நானே பரணில் வைத்தேன். அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேஜ் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

குத்தம்பாக்கத்தில் அவள் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து. காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வாக்கில் திரும்பினோம். நான் பூட்டைத் திறந்தேன். சத்தமே இல்லை. மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். பெருசு கம்பியில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. சின்னது கூண்டின் அடித்தட்டில், காலண்டர் தாள் கீற்றுகளுக்கு நடுவில் கிடந்தது. ஒரு காலில் இரண்டு விரல்கள் இல்லை. தலையின் பின்பக்கம் இறகு போய்த் தோல் தெரிந்தது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது.

ஐயோ, அந்த நேரத்தில் என் கை என்ன செய்தது தெரியுமா? பெருசைப் பிடித்து அகற்றாமல், மேஜை இழுப்பறையில் கேஜைத் தேடியது. எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மனைவி அதற்குள் சின்னதைக் காதுகுத்துக்குக் கட்டிப்போன பட்டுப்புடவையின் முந்தானையில் பொதிந்துகொண்டு வாசலில் நின்று, "ஆட்டோ கூப்புடுங்க!" என்று கத்தினாள்.

பறவை பார்க்கும் டாக்டர் சின்ன வயசுப் பெண். ரத்தத்தை நிறுத்தி, மருந்து போட்டு, மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதைக் கடிச்ச பறவையும் இதுவும் ஒரே கூண்டுலயா இருந்தது?"

"ஜோடி டாக்டர்" என்றேன்.

"ஜோடின்னு யாரு சொன்னாங்க?"

மனைவி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். இவர்தான், கேஜ் வைத்து அளந்தார், ஸ்டிக்கர் ஒட்டினார், பிரிக்க விடவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் தலையாட்டியிருப்பேன். "கடையில அப்பிடித்தாம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் இவ்வளவு கூசியிருக்காது.

"இடுப்பெலும்பு தடவிப் பாத்தா தெரியும்னு சொல்வாங்களே டாக்டர்?" என்று மெல்லக் கேட்டேன்.

"முட்டை வைக்கிற வயசு வந்தாத்தான் சார் எலும்பு விலகும். சின்னதா இருக்கறப்போ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்ணாத்தான் இருக்கும். வளர்ந்த பிறகும் நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா இது இப்போ நல்லா விலகித்தான் இருக்கு. சந்தேகம்னா இறகைப் பிடுங்கி டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ரெண்டையும் வேற வேற கூண்டுல போடுங்க, இன்னைக்கே."

வாங்கி வந்த புதிதில் ஒரு தடவை அளந்தேன். அதற்குப் பிறகு அது வளர்ந்துகொண்டே இருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தொழிற்சாலையில் அளக்கிற கேஜையே தவணை தவறாமல் அனுப்பி அளந்து வாங்கினவன் நான். இரும்பு வளராது என்பதுகூட அங்கே எனக்கு நிச்சயமில்லாமல் இருந்தது. வீட்டில் உயிரோடு இருந்த ஒன்றுக்கு முத்திரை குத்திவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டேன்.

சின்னது பிழைத்துக்கொண்டது. பத்து நாள் மனைவி அதற்கு மருந்தைச் சொட்டு சொட்டாகப் புகட்டினாள். பரண் கூண்டை நானே இறக்கினேன், நானே கழுவினேன். விரல் இல்லாத கால் வழுக்கிவிடும் என்று கம்பிக்குச் சணல் சுற்றிக் கொடுத்தேன். அதை மட்டும் அவள் "நல்லாக் கீது" என்றாள். இரண்டு கிளியின் இறகையும் தனித்தனிக் கவரில் போட்டுக் கூரியரில் அனுப்பினேன். முடிவு சில நாளில் போனுக்கு வந்தது. மாடியில் கொய்யா மரத்தைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்து திறந்தேன். பெருசு: பெண். சின்னது: பெண்.

கீழே இறங்கினேன். மனைவி சின்னதின் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அன்றைய காலண்டர் தாளைக் கம்பி வழியாக நீட்டிக்கொண்டிருந்தாள். அது நொண்டிக்கொண்டே வந்து அவள் கையிலிருந்தபடியே நறுக்க ஆரம்பித்தது. பெருசின் கூண்டில் என் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பாதிதான் வந்தது.

"ரெண்டும் பெண்ணுதான். நீ சொன்னதுதான் சரி" என்றேன். என் வாயிலிருந்து இது வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவள் சந்தோஷப்படுவாள், அட்லீஸ்ட் ஒரு தடவை என்னைக் கிண்டலாவது பண்ணுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் திரும்பவே இல்லை. தாளைப் பிடித்த கையும் நகரவில்லை.

"கடிபடுறது ஆம்பளையா பொம்பளையான்னு இத்தினி நாளா அளந்துகினு இருந்தீங்களே, ஆம்பளையா இருந்தா மட்டும் கடி வலிக்காம பூடுமா?" என்றாள். "தெனம் மத்தியானம் இது கத்துச்சே. அது உங்க காதுல உயவே இல்லையா?"

விழவில்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வயசாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை என்றால் அவள் நம்பியிருப்பாள். டாக்டரிடம் காப்பாற்றின மாதிரி இன்னொரு தடவையும் காப்பாற்றியிருப்பாள். ஆனால் எனக்குக் கேட்டது. தினமும் கேட்டது. அது கத்த ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவன் நான்தான். அதையும் அவளிடம் சொன்னேன்.